கழன்று விழும் குட்டி ஸ்க்ரூ: ஒரு சொட்டு ‘லாக்’ போதுமா? எங்கே போடலாம், எங்கே போடவே கூடாது?

மூக்குக் கண்ணாடியின் ஒரு பக்கக் கால் ஆட ஆரம்பிக்கும். நகத்தாலேயே திருகி வைப்போம். இரண்டு நாளில் மறுபடியும் ஆடும். ஒருநாள் பைக்கில் போகும்போது ஸ்க்ரூ எங்கேயோ விழுந்துவிட, கண்ணாடி ஒரு காதில் மட்டும் தொங்கும். லேப்டாப்பின் அடிப்பக்க ஸ்க்ரூ, நம்பர் பிளேட், சைக்கிளின் பாட்டில் ஸ்டாண்டு, கேமரா டிரைபாட், டிரோன் மோட்டார் என்று இந்தப் பட்டியல் நீளமானது. “நல்லா டைட் பண்ணித்தானே வெச்சேன்?” என்பதுதான் எல்லோருடைய கேள்வியும்.

இந்தத் தொல்லைக்கென்றே ஒரு பசை இருக்கிறது. அதன் பெயர் த்ரெட் லாக்கர். எந்த கம்பெனி தயாரித்திருந்தாலும் மெக்கானிக் கடைகளில் அதை ‘லாக்டைட்’ என்றே சொல்வார்கள். ஸ்க்ரூவின் மரையில் ஒரு சொட்டு விட்டு முறுக்கினால், அதிர்வுக்கு அசையாமல் நிற்கும். ஆன்லைனில் சின்ன பாட்டில்களில் எளிதாகக் கிடைக்கிறது. ஆனால், நிறமோ இடமோ தப்பாகிவிட்டால் நிலைமை தலைகீழ். கழன்று விழும் ஸ்க்ரூவுக்குப் பதிலாகக் கழற்றவே முடியாத ஸ்க்ரூவோ, விரிசல் விட்ட பிளாஸ்டிக்கோதான் மிஞ்சும்.

டைட் செய்த ஸ்க்ரூ ஏன் தளர்கிறது?

ஸ்க்ரூவை முறுக்கும்போது அது மிக மிக லேசாக நீள்கிறது. கண்ணுக்குத் தெரியாத அளவில் இழுபட்ட ஒரு ஸ்பிரிங் போல ஆகிறது. அந்த ஸ்பிரிங் திரும்பச் சுருங்கப் பார்ப்பதால்தான் இரண்டு பாகங்களும் இறுகப் பிடித்துக்கொள்கின்றன. இந்தப் பிடிப்பால் உண்டாகும் உராய்வுதான் ஸ்க்ரூ பின்னோக்கிச் சுழலாமல் தடுக்கிறது.

நாம் கை வலிக்க முறுக்கும் விசை எங்கே போகிறது என்பது ஆச்சரியமான கணக்கு. பொறியாளர்கள் சொல்லும் தோராயக் கணக்குப்படி, சுமார் 50 சதவீதம் ஸ்க்ரூ தலைக்கு அடியில் உள்ள உராய்விலும், சுமார் 40 சதவீதம் மரையில் உள்ள உராய்விலும் போய்விடுகிறது. மிச்சமுள்ள 10 சதவீதம்தான் பிடிப்பாக மாறுகிறது. அதாவது, அந்த உராய்வு ஒரு நொடி காணாமல் போனால், ஸ்க்ரூவைப் பிடித்து நிறுத்த வேறு எதுவும் இல்லை.

அந்த ஒரு நொடி எப்போது வருகிறது? ஜெர்மனியைச் சேர்ந்த பொறியாளர் கெர்ஹார்ட் யுங்கர் 1969-ல் வெளியிட்ட ஆய்வு இதற்குப் பதில் சொன்னது. ஸ்க்ரூவை மேலும் கீழுமாக இழுக்கும் அதிர்வைவிட, பக்கவாட்டில் தள்ளும் அதிர்வுதான் பெரிய எதிரி என்று அவர் காட்டினார். இறுக்கப்பட்ட இரண்டு பாகங்கள் பக்கவாட்டில் ஒன்றின் மேல் ஒன்று வழுக்கும்போது, மரைக்குள் இருக்கும் நூலிழை இடைவெளியில் ஸ்க்ரூவும் வழுக்குகிறது. வழுக்கும் அந்த நேரத்தில் உராய்வின் பிடி விட்டுப்போக, ஸ்க்ரூ கொஞ்சமே கொஞ்சம் பின்னோக்கிச் சுழல்கிறது. ஆயிரக்கணக்கான அதிர்வுகளில் இந்த ‘கொஞ்சம்’ சேர்ந்து சேர்ந்து முழுச் சுற்றாகிவிடும். யுங்கர் உருவாக்கிய பக்கவாட்டு அதிர்வுச் சோதனை இன்றும் அவர் பெயரிலேயே நடக்கிறது.

குட்டி ஸ்க்ரூவுக்கு மட்டும் ஏன் இந்தப் பாடு?

நீளமான போல்ட்டு நன்றாக நீளும். அடியில் உள்ள பெயின்ட்டோ தூசியோ கொஞ்சம் அமுங்கினாலும் அதன் பிடிப்பில் மிச்சம் இருக்கும். 4 மில்லிமீட்டர் நீளமுள்ள ஸ்க்ரூ நீள்வதே அற்பம். அடியில் ஒரு தலைமுடி கனத்தைவிடக் குறைவாக ஏதாவது அமுங்கினால்கூடப் பிடிப்பு மொத்தமும் போய்விடும். “இன்னும் டைட்டா முறுக்கிடுவோம்” என்றாலும் வழியில்லை. குட்டி ஸ்க்ரூவின் மரையும் தலையும் அவ்வளவு பலத்தைத் தாங்காது.

மூக்குக் கண்ணாடியின் கதை இன்னும் கஷ்டம். அங்கே ஸ்க்ரூ இரண்டு பாகங்களை இறுக்கிப் பிடிப்பதற்காக மட்டும் இல்லை. கால் மடங்கி விரிய அதுதான் அச்சு. முழுதாக இறுக்கினால் கால் மடங்காது. மடங்கும் அளவுக்கு விட்டால் பிடிப்பு கிடைக்காது. ஒவ்வொரு முறை கண்ணாடியை மடக்கும்போதும் விரிக்கும்போதும் ஸ்க்ரூவும் சேர்ந்து லேசாகத் திருகப்படுகிறது. இறுக்கி நிறுத்த முடியாத இதுபோன்ற இடங்களில்தான் த்ரெட் லாக்கர் உண்மையிலேயே கைகொடுக்கிறது.

ஸ்பிரிங் வாஷர் போட்டால் போதாதா?

ஒரு பக்கம் வெட்டுப்பட்ட ஸ்பிரிங் வாஷரைப் போட்டுவிட்டால் நட்டு தளராது என்பது பலரின் நம்பிக்கை. ஆனால், அமெரிக்க விண்வெளி அமைப்பான நாசா 1990-ல் வெளியிட்ட போல்ட்டு வடிவமைப்புக் கையேடு, இந்த வகை வாஷர் தளர்வைத் தடுக்க உதவாது என்று கறாராகவே சொல்கிறது. காரணம் எளிது. முழுதாக முறுக்கியதும் அந்த வாஷர் தட்டையாகிவிடும். அதன்பிறகு அதுவும் ஒரு சாதாரண வாஷர்தான்.

நைலான் வளையம் பதித்த ‘நைலாக் நட்டு’ இதைவிட நம்பகமானது. மரையில் நைலான் பட்டையோ வேறு பூச்சோ பூசி வரும் ஸ்க்ரூக்களும் உண்டு. சில லேப்டாப் ஸ்க்ரூக்களின் மரையில் நீல நிறத்தில் ஏதோ ஒட்டியிருப்பதைப் பார்த்திருக்கலாம். அது அழுக்கு இல்லை, தளராமல் இருக்கத் தொழிற்சாலையிலேயே பூசிய பூச்சு. சுரண்டி எடுத்துவிடக் கூடாது.

காற்று பட்டால் காயாத பசை

சாதாரணப் பசை காற்று பட்டால் காயும். த்ரெட் லாக்கர் நேர்மாறு. காற்று இருக்கும்வரை திரவமாகவே இருக்கும். காற்று இல்லாத இடத்தில், உலோகமும் பட்டால்தான் இறுகும்.

பாட்டிலுக்குள் இருப்பது மெத்தாக்ரிலேட் வகை மூலக்கூறுகள். அவை ஒன்றோடொன்று கைகோத்துச் சங்கிலியானால் கெட்டியான பிளாஸ்டிக் ஆகிவிடும். காற்றில் உள்ள ஆக்சிஜன் அந்தக் கைகோப்பைத் தடுத்துக்கொண்டே இருக்கிறது. ஸ்க்ரூவை முறுக்கியதும் மரை இடுக்கில் ஆக்சிஜன் தீர்ந்துபோகிறது. இரும்பு, செம்பு போன்ற உலோகங்களின் அயனிகள் வினையைத் தூண்டிவிடுகின்றன. மரை இடைவெளி முழுவதும் பிளாஸ்டிக்கால் நிரம்புகிறது. பக்கவாட்டில் வழுக்க இடமே இல்லாமல் போய்விடுவதால், யுங்கர் சொன்ன அந்த ‘ஒரு நொடி’ வருவதே இல்லை.

பாட்டில் எப்போதும் முழுதாக நிரப்பப்படாமல் வருவதற்கும் இதுதான் காரணம். மேலே உள்ள காற்றும், காற்றை உள்ளே விடக்கூடிய மெல்லிய பிளாஸ்டிக் பாட்டிலும்தான் பசையைத் திரவமாக வைத்திருக்கின்றன. “பாதி பாட்டில்தான் இருக்கு, ஏமாத்திட்டாங்க” என்று ரிவ்யூ எழுதுவதற்கு முன் இதை நினைவில் வைக்கலாம்.

இதைச் சந்தைக்குக் கொண்டுவந்தவர் வெர்னான் க்ரீபிள். அமெரிக்காவின் ஹார்ட்ஃபோர்டு நகரில் உள்ள டிரினிட்டி கல்லூரியில் வேதியியல் பேராசிரியர். ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனம் காற்று இல்லாவிட்டால் இறுகும் ஒரு பிசினை ஏற்கெனவே கண்டுபிடித்திருந்தது. ஆனால், அதைத் திரவமாக வைத்திருக்க ஓயாமல் காற்றை ஊதிக்கொண்டே இருக்க வேண்டும். அதைச் சாதாரண பாட்டிலில் அடைத்து விற்கும் அளவுக்கு 1953-ல் மாற்றியதுதான் க்ரீபிளின் சாதனை. 1956-ல் ‘லாக்டைட்’ என்ற பெயரில் அது பொதுவெளிக்கு வந்தது. 1997-ல் அந்த நிறுவனத்தை ஜெர்மனியின் ஹென்கெல் வாங்கியது. இந்தியாவில் சென்னையைச் சேர்ந்த அனபாண்ட் போன்ற நிறுவனங்களும் இந்த வகைப் பசைகளைத் தயாரிக்கின்றன.

ஊதாவா, நீலமா, சிவப்பா?

பெரும்பாலானவர்கள் சறுக்குவது இங்கேதான். “ஸ்ட்ராங்கா இருக்கட்டும்” என்று சிவப்பை வாங்கிவிடுவார்கள். குட்டி ஸ்க்ரூவுக்கு அது தேவையே இல்லை.

ஊதா: பலம் குறைந்தது. லாக்டைட் வரிசையில் இதன் எண் 222. சுமார் 6 மில்லிமீட்டர் வரையிலான சிறிய ஸ்க்ரூக்களுக்கும், அலுமினியம், பித்தளை போன்ற மென்மையான உலோகங்களுக்கும் ஏற்றது. மூக்குக் கண்ணாடி, கேமரா, டிரோன் போன்றவற்றின் உலோக பாகங்களுக்கு இதுதான். சாதாரண ஸ்க்ரூடிரைவராலேயே கழற்றிவிடலாம்.

நீலம்: நடுத்தரம். எண் 242, 243. சுமார் 6 முதல் 20 மில்லிமீட்டர் வரையிலான போல்ட்டுகளுக்கானது. பைக், சைக்கிள் வேலைகளில் அதிகம் புழங்குவது இதுதான். ஸ்பேனர் போட்டுக் கழற்றலாம். 243 என்ற வகை லேசான எண்ணெய்ப் பிசுக்கையும் தாங்கும்.

சிவப்பு: கிட்டத்தட்ட நிரந்தரம். கழற்ற வேண்டுமானால் சுமார் 250 டிகிரி செல்சியஸ் வரை சூடாக்க வேண்டும். 2 மில்லிமீட்டர் ஸ்க்ரூவில் இதைப் போட்டால், பசை விடுவதற்கு முன் ஸ்க்ரூவின் தலை தேய்ந்துபோகும், அல்லது முறிந்துபோகும்.

பச்சை: ஏற்கெனவே முறுக்கிவிட்ட ஸ்க்ரூவுக்கானது. எண் 290. தண்ணீர் போல மெல்லியது என்பதால் தலை ஓரத்தில் விட்டால் தானாக மரைக்குள் ஊறிப் போகும். நீலத்தைவிடக் கழற்றுவது கடினமாகலாம்.

ஒரு எச்சரிக்கை: இந்த நிற வரிசை ஒரு வழக்கம்தான், எல்லா நிறுவனங்களையும் கட்டுப்படுத்தும் விதி அல்ல. வேறு பிராண்டு வாங்கினால் நிறத்தை நம்பாமல், லேபிளில் பலம் குறைந்ததா, நடுத்தரமா, அதிகமா என்று படித்துப் பார்ப்பது நல்லது.

எங்கே போடவே கூடாது?

பிளாஸ்டிக். இதுதான் முதல் விதி. பாலிகார்பனேட், ஏபிஎஸ், அக்ரிலிக் போன்ற பிளாஸ்டிக்குகளில் இறுகாத த்ரெட் லாக்கர் பட்டால், ஏற்கெனவே அழுத்தத்தில் இருக்கும் இடத்தில் நுண்ணிய விரிசல்கள் விழும். உடனே தெரியாது. கொஞ்ச நாள் கழித்து ஸ்க்ரூவைச் சுற்றி வெடித்திருக்கும். ஹெல்மெட் வைசரின் பிளாஸ்டிக் ஸ்க்ரூ, பைக்கின் ஃபைபர் பாகங்கள், ஃபிரேம் இல்லாத கண்ணாடிகளில் லென்ஸை நேரடியாகத் துளைத்துப் போட்ட ஸ்க்ரூ ஆகியவை இந்தக் கணக்கில் வரும். உலோகத்தில் உலோகம் முறுக்கும் இடத்தில் மட்டும்தான் த்ரெட் லாக்கர். பிளாஸ்டிக் மரையில் அது சரியாக இறுகவும் செய்யாது.

போனுக்குள்ளும் வேண்டாம். வழிந்தால் பக்கத்திலேயே பிளாஸ்டிக் கனெக்டர்கள் இருக்கும். ஆக்சிஜன் சிலிண்டர் இணைப்புகளில் கூடவே கூடாது. தூய ஆக்சிஜன் புழங்கும் இடங்களில் பயன்படுத்த வேண்டாம் என்று தயாரிப்பாளர்களே எழுதியிருக்கிறார்கள்.

பைக்கின் பிரேக் போல்ட்டுகளில் சொந்த முயற்சி வேண்டாம். எந்த போல்ட்டுக்கு எந்த வகை லாக்கர், எவ்வளவு முறுக்கு என்று சர்வீஸ் மேனுவலில் இருக்கும். சில போல்ட்டுகளைக் கழற்றினால் புதிதுதான் போட வேண்டும். தெரிந்த மெக்கானிக்கிடம் விடுவதே சரி.

எப்படிப் போடுவது?

முதலில் சுத்தம். மரையில் எண்ணெயும் பழைய பசையும் இருந்தால் பிடிக்காது. சின்ன பிரஷ்ஷால் துடைத்து, ஐசோபுரோபைல் ஆல்கஹால் தடவி, காய விட வேண்டும்.

அடுத்து அளவு. ஒரு சொட்டு என்பதே குட்டி ஸ்க்ரூவுக்கு அதிகம். பல்குத்தும் குச்சியின் நுனியில் தொட்டு மரையில் தடவினால் போதும். பாட்டில் மூக்கை ஸ்க்ரூவில் உரசவோ, ஸ்க்ரூவை பாட்டிலுக்குள் முக்கவோ கூடாது. உலோகத் துகள் உள்ளே போனால் பாட்டிலில் இருப்பதே இறுக ஆரம்பிக்கலாம். வழிந்ததைத் திரும்ப உள்ளே ஊற்றக் கூடாது என்பதும் இதனால்தான்.

மறுபக்கம் திறக்காத, அடைபட்ட துளை என்றால் ஸ்க்ரூவில் தடவுவதைவிடத் துளையின் அடியில் விடுவது நல்லது. இல்லாவிட்டால் உள்ளே மாட்டிய காற்று பசையை வெளியே தள்ளிவிடும். கண்ணாடியின் கால் என்றால், எதிர்ப்பக்கம் போய்ப் பிடிக்கும் மரை நுனியில் மட்டும் தடவ வேண்டும். மடங்கும் இடத்தில் பட்டால் துடைத்துவிட்டு, காலை இரண்டு மூன்று முறை மடக்கி விரித்துப் பார்க்க வேண்டும்.

பிறகு பொறுமை. இரும்பு, பித்தளையில் சில பல நிமிடங்களிலேயே பிடிக்க ஆரம்பிக்கும். முழுப் பலம் வர 24 மணி நேரம் விட வேண்டும். ஸ்டெயின்லெஸ் ஸ்டீல், துத்தநாகப் பூச்சு உள்ள ஸ்க்ரூக்களில் உலோக அயனி குறைவு என்பதால் இன்னும் தாமதமாகும். அதற்கென்றே ஆக்டிவேட்டர் ஸ்பிரே விற்கிறது. வெளியே வழிந்தது மறுநாளும் ஈரமாக இருந்தால் “பசை கெட்டுப்போச்சு” என்று அர்த்தமில்லை. அங்கே காற்று படுகிறது, அவ்வளவுதான். துடைத்துவிட்டால் போதும். சிலருக்கு இது தோலில் அலர்ஜியை உண்டாக்கும் என்பதால் கையுறை போட்டுக்கொள்வது நல்லது.

ஃபெவிக்விக், நெயில் பாலிஷ் போடலாமா?

ஃபெவிக்விக் போன்ற சூப்பர் க்ளூ வேறு வேதியியல். அது காற்றில் உள்ள ஈரத்தால் இறுகும். இறுகியபின் எளிதில் நொறுங்கும். காயும்போது கிளம்பும் ஆவி பக்கத்தில் வெள்ளைப் படலமாகப் படியும். கண்ணாடி லென்ஸுக்கு அருகில் இது நிச்சயம் வேண்டாம்.

நெயில் பாலிஷ் அவசரத்துக்கு ஓரளவு தாங்கும், லாக்கர் அளவுக்குப் பலம் இல்லை. ஆனால், அதற்கு வேறொரு நல்ல உபயோகம் உண்டு. முறுக்கி முடித்தபின் ஸ்க்ரூ தலையிலிருந்து பக்கத்து உலோகம்வரை ஒரு சின்னக் கோடு போட்டு வைக்கலாம். ஸ்க்ரூ லேசாகச் சுழன்றாலும் கோடு விலகிக் காட்டிக்கொடுத்துவிடும். தொழிற்சாலைகளிலும் இப்படி அடையாளக் கோடு போடும் வழக்கம் இருக்கிறது.

கழற்ற முடியாமல் போனால்?

மாட்டிக்கொண்ட குட்டி ஸ்க்ரூவில் பலத்தைக் காட்டினால் தலைதான் தேயும். சால்டரிங் அயர்ன் நுனியைச் சில நொடிகள் ஸ்க்ரூ தலையில் வைத்து, சூடு ஆறும் முன், சரியாகப் பொருந்தும் ஸ்க்ரூடிரைவரால் திருகிப் பார்க்கலாம். பக்கத்தில் பேட்டரியோ பிளாஸ்டிக்கோ இருந்தால் இந்த வேலை வேண்டாம். கழற்றிய ஸ்க்ரூவைத் திரும்பப் போடும்போது காய்ந்த பழைய பசையைச் சுரண்டிவிட்டுப் புதிதாகத் தடவ வேண்டும். ஒருமுறை உடைந்த பிடி தானாகத் திரும்ப ஒட்டாது. மரையே தேய்ந்திருந்தால் எந்தப் பசையும் அதைச் சரிசெய்யாது. ஸ்க்ரூவை மாற்றுவதுதான் வழி. மூக்குக் கண்ணாடிக்கு மரையில் பூச்சு பூசிய புது ஸ்க்ரூக்கள் உண்டு. கண்ணாடிக் கடையில் கேட்டுப் பார்க்கலாம்.

ஒரு வாஷர் இல்லாமல் போனதால் எரிந்த விமானம்

தளராமல் தடுக்கும் வேலையில் கவனம் சிதறினால் என்ன ஆகும் என்பதற்கு ஓர் உதாரணம் உண்டு. 2007 ஆகஸ்ட் 20 அன்று ஜப்பானின் ஒகினாவா தீவில் உள்ள நாஹா விமான நிலையத்தில் சைனா ஏர்லைன்ஸின் போயிங் 737 விமானம் தரையிறங்கி நின்றதும் தீப்பிடித்து எரிந்தது. பயணிகள், பணியாளர்கள் என 165 பேரும் உயிர் தப்பினார்கள். விமானம் கருகியது.

காரணம் ஒரு போல்ட்டு. இறக்கையின் முன்விளிம்பில் நீண்டு சுருங்கும் ‘ஸ்லாட்’ பகுதியில் இருந்த அது, நட்டோடு சேர்ந்து தன் இடத்தை விட்டு நழுவியது. தரையிறங்கிய பின் ஸ்லாட் உள்ளே இழுக்கப்பட்டபோது எரிபொருள் டேங்க்கைத் துளைத்துவிட்டது. ஜப்பானின் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியத்தின் விசாரணையில் வெளிவந்தது இன்னும் வேதனையானது. அந்த நட்டு தளர்ந்துவிடக் கூடாது என்பதற்காகவே, விபத்துக்கு சுமார் ஒன்றரை மாதம் முன்பு பராமரிப்புப் பணி நடந்திருந்தது. அந்தப் பணியின்போதுதான் வாஷர் கழன்று விழுந்திருக்க வேண்டும் என்று விசாரணை கருதியது. வாஷர் இல்லாததால், நட்டு தளராமலேயே மொத்தமாகத் துளை வழியாக நழுவியிருக்கிறது.

மூக்குக் கண்ணாடிக்கும் விமானத்துக்கும் அளவில்தான் வித்தியாசம், விதி ஒன்றுதான். சரியான அளவு ஸ்க்ரூ, தேயாத மரை, இருக்க வேண்டிய வாஷர், தேவையான முறுக்கு: இவை நான்கும் சரியாக இருந்தால்தான் அந்த ஒரு சொட்டுக்கு வேலை. இதில் ஒன்று தப்பினாலும், த்ரெட் லாக்கர் அந்தத் தப்பை மறைக்குமே தவிர, திருத்தாது.